நவம்பரில் நாலு சைக்கிள்: நிக்கோவா, கியோட்டோவா, கோயாசானா?

செப்டம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், எங்கள் நால்வருக்குள் இந்தச் சண்டை தொடங்கிவிடும். இலை சிவக்கும் பருவத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு மலைக்கோயிலுக்குப் போக வேண்டும். அதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த மலை என்பதில்தான் தகராறு. ஜப்பானில் மலைக்கும் பஞ்சமில்லை, கோயிலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் தார்ச்சாலையில் மிதித்தே ஏற வேண்டும், கோயில் வாசல் வரைக்கும் வண்டி போக வேண்டும், கண்ணுக்குச் சிவப்பும் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் பட்டியல் சுருங்கிவிடுகிறது. கடைசியில் பேச்சு மூன்று ஊர்களில் வந்து நிற்கும்: டோக்கியோவுக்கு வடக்கே நிக்கோ, கியோட்டோவின் வடக்கு மலைகள், ஒசாகாவுக்குத் தெற்கே வாகாயாமாவில் கோயாசான்.

மூன்றுக்கும் போய் வந்துவிட்டோம். கியோட்டோவுக்கு இரண்டு முறை. அதனால் இந்த முறை படங்களைப் பார்த்து மயங்காமல், பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கால்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் சைக்கிளைத் தராசில் வைத்துப் பார்த்து வாங்குகிறவன். ஏற்றம் வந்தால் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும், அடுத்த நிமிடம் வளைவுக்கு அப்பால் மறைந்துவிடுவான். இன்னொருத்தி ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் மட்டும் ஓட்டுகிறவள். ஏற்றம் தொடங்கியதும் அவள் பேச்சு நின்றுவிடும், அதை வைத்தே சரிவு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். மூன்றாமவன் மின்சார உதவி சைக்கிளை வாடகைக்கு எடுப்பவன், அதோடு சுத்த சைவம். நான் நடுவில். இப்படி ஏறுமாறான நாலு பேர் ஒன்றாகப் போகும்போது எந்த இடம் அழகு என்று கேட்பது பாதிக் கேள்விதான். கடைசியில் வருகிறவர் வெளிச்சம் போவதற்குள், கோயில் கதவு சாத்துவதற்குள் போய்ச் சேர்வாரா என்பதுதான் மீதிப் பாதி. அது எங்களுக்கு நிக்கோவில் புரிந்தது.

அதற்கு முன்னால் நாள்காட்டி. இங்கே இலைநிறம் மலை உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கி வரும், வடக்கிலிருந்து தெற்கே வரும். காலைக் குளிர் 8 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் மேப்பிள் இலையில் பச்சையம் சிதைகிறது. மஞ்சள் நிறமி இலையில் முன்பே இருப்பதுதான், பச்சை விலகியதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் இருந்தால் சிவப்பு பளிச்சென்று வரும். மழையாகவே போன வருடத்தில் பழுப்பாகி உதிர்ந்துவிடும். ஆகவே எங்கே போவது என்ற கேள்வியில் பாதியை, எப்போது லீவு கிடைக்கும் என்பதே முடிவு செய்துவிடுகிறது. ஜப்பானில் இலையுதிர் காலத்து விடுமுறைகள் அதற்குத் தோதாக அமைந்திருக்கின்றன. அக்டோபர் இரண்டாம் திங்கள் விளையாட்டு நாள், அப்போது நிக்கோவின் மேல்மட்டம். நவம்பர் 3 பண்பாட்டு நாள், அப்போது கோயாசான், நிக்கோவின் நடுமட்டம். நவம்பர் 23 உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள், அப்போது கியோட்டோ. எந்த விடுமுறை உங்களுக்குக் கிடைக்கிறதோ அதுவே பாதி விடை.

சரி, நிக்கோ.

நிறத்துக்காக மட்டும் சைக்கிள் ஓட்டுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், நிக்கோதான். ரயில் நிலையம் சுமார் 530 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேலே சூசென்ஜி ஏரி 1,269 மீட்டரில். இன்னும் மேலே செஞ்சோகஹாரா சதுப்புநிலம், அதற்கும் மேலே யுமோட்டோ வெந்நீரூற்று. ஒரே சாலையில் இத்தனை உயரங்கள் அடுக்கியிருப்பதால் அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை எந்த நாளில் போனாலும் ஏதோ ஒரு மட்டத்தில் நிறம் உச்சத்தில் இருக்கும். கியோட்டோவில் ஒரு வாரம் தவறினால் போச்சு, இங்கே அந்தப் பயம் இல்லை. அது மட்டுமல்ல, கீழே பச்சையாக இருக்கும் மரங்கள் ஒவ்வொரு வளைவுக்கும் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, மேலே போகப் போக இலையே இல்லாமல் வெறும் கிளையாக நிற்பதை மிதிக்கும் வேகத்திலேயே பார்க்கலாம். காரில் போகிறவருக்கு இது இருபது நிமிடம். நமக்கு ஒன்றரை மணி நேரம்.

அந்த வளைவுகள்தான் இரோஹாசாகா. ஏற ஒரு சாலை, இறங்க ஒரு சாலை, இரண்டுமே ஒருவழி. ஏற்றத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகள், இறக்கத்தில் 28. கூட்டினால் 48. பழைய ஜப்பானிய எழுத்து வரிசையான இரோஹாவிலும் 48 எழுத்துகள், அதனால்தான் இந்தப் பெயர். ஒவ்வொரு வளைவிலும் ஓர் எழுத்தைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். மூச்சு வாங்கும்போது எழுத்துக்கூட்டிக்கொண்டே ஏறலாம், அரிச்சுவடி படிக்கிற மாதிரி. ஏற்றம் தொடங்கும் இடத்துக்கு உமகாயேஷி என்று பெயர், குதிரை திரும்பும் இடம் என்று பொருள். அந்தக் காலத்தில் குதிரைக்கு அதற்கு மேல் அனுமதியில்லை, பெண்களுக்கும் இல்லை. சுமார் 840 மீட்டரில் தொடங்கி ஏரிவரை 400 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஒருவழிச் சாலை என்பதால் எதிரே வண்டி வராது, அது பெரிய நிம்மதி. மேலே சுரங்கப்பாதை உண்டு, அதனால் பின்விளக்கு கட்டாயம் எரிய வேண்டும்.

இனி கெட்ட செய்தி. அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் வாரத்திலும் விடுமுறை நாளில் இந்தச் சாலை கார்களால் அடைபட்டுவிடும். ஊர்ந்துதான் போகும். நாங்கள் போன அன்று நாலாவது வளைவுக்கே வரிசை நின்றிருந்தது. சைக்கிள் நகர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் சுவாசிப்பது காரின் புகையை. பேருந்துக்கும் மலைச்சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில், நின்று நின்று, செங்குத்துச் சரிவில் ஒரு காலை ஊன்றி மறுபடி கிளப்புவது இருக்கிறதே, அது ஏற்றத்தைவிடக் கொடுமை. ஞாயிற்றுக்கிழமைத் தோழி அன்றைக்கு மேலே வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. கேகோன் அருவியைப் பார்த்தோம், 97 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழுகிறது. ஏரிக்கரையில் சூசென்ஜி கோயில். நின்ற மரத்திலேயே செதுக்கியதாகச் சொல்லும் கருணைத் தெய்வம் கன்னோனின் சிலை அங்கே இருக்கிறது. சூடாக ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டோம். அப்புறம் இறங்கினோம். இருபத்தெட்டு வளைவிலும் ஈர இலைகள் கிடந்தன, ஓரத்தில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. வேகமாக இறங்க முடியவில்லை.

கீழே தோஷோகூ கோயில் வாசலுக்கு வந்தபோது மணி 3.40. நவம்பர் மாதத்திலிருந்து மார்ச் வரை அங்கே 4 மணிக்குச் சாத்திவிடுவார்கள், அரை மணி முன்னதாகவே நுழைவு நின்றுவிடும். அக்டோபர் 31 வரை 5 மணி. அதாவது மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் உள்ளே போயிருப்போம். ஜப்பானை ஆண்ட ஷோகுன் தோகுகாவா இயேயாசுவை அடக்கம் செய்த இடம், 1617-இல் எழுந்த கோயில், வாய் பொத்திய குரங்குகளும் தூங்கும் பூனையும் உள்ள இடம். மூடிய கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தோம். நிக்கோவைப் பார்க்காதவன் 'கெக்கோ' என்று சொல்லக் கூடாது என்று ஒரு ஜப்பானியப் பழமொழி உண்டு. கெக்கோ என்றால் அருமை என்றும் பொருள், போதும் என்றும் பொருள். எங்களில் ஒருவன் இரண்டாவது பொருளில் சொன்னான்.

தப்பு எங்களுடையதுதான். கோயிலைக் காலையில் முடித்துவிட்டு மலையை மறுநாளைக்கு வைத்திருக்க வேண்டும். நிக்கோவுக்கு இரண்டு நாள் கொடுக்க முடிந்தால், அதுவும் வார நாளாக இருந்தால், நான் சொன்ன குறைகளில் முக்கால்வாசி ஓடிவிடும். விடியற்காலை ஆறரைக்கு உமகாயேஷியில் இருந்தால் சாலை உங்களுடையது. ஆனால் ஒசாகாவில் இருக்கும் எங்களுக்கு, டோக்கியோ போய், அசாகுசாவிலிருந்து மறுபடி இரண்டு மணி நேரம் ரயில் ஏறி, நாலு பேரும் ஒரே வாரத்தில் லீவு வாங்குவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. டோக்கியோக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

ரயில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சைக்கிளை அப்படியே உருட்டிக்கொண்டு ரயிலில் ஏற முடியாது. சக்கரங்களைக் கழற்றி, ரின்கோ பை என்னும் பைக்குள் முழுக்க அடக்க வேண்டும். கட்டணம் இல்லை. ஆனால் இருக்கையின் நுனிகூட வெளியே தெரியக் கூடாது. ஒரு ரயில் நிலையத்தில் ஊழியர் ஒருவர் மிகுந்த பணிவோடு என் பையின் மூலையைக் காட்டினார், ஹேண்டில் இரண்டு அங்குலம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மீண்டும் பிரித்துக் கட்டி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. வீட்டிலேயே நாலைந்து முறை கட்டிப் பழகிக்கொள்வது நல்லது. மின்சார உதவி சைக்கிளை இப்படித் தூக்குவது ஆகாத காரியம், எடை அப்படி. அதைப் போகிற ஊரில் வாடகைக்குப் பிடிப்பதுதான் வழி. அந்த வகையில் கியோட்டோவை மிஞ்ச ஊரில்லை.

கியோட்டோவின் பலம் நெருக்கம். ஒசாகாவிலிருந்து யோடோ ஆற்றங்கரையைப் பிடித்தே எங்கள் பலசாலி அராஷியாமா வந்துவிடுவான், நாங்கள் ரயிலில் போய்ச் சேர்வோம். மேற்கே தகாவோ, வடகிழக்கே ஓஹாரா, நடுவே குராமா. நகரத்திலிருந்து எதற்கும் பதினைந்து கிலோமீட்டருக்குச் சுற்றித்தான். ஏற்றமும் சில நூறு மீட்டர். யாருக்காவது முடியவில்லை என்றால் குராமாவிலிருந்து ரயில், ஓஹாராவிலிருந்து பேருந்து. தப்பிக்க வழி இருப்பது தெரிந்தாலே பாதிப் பேருக்குக் கால் வலி குறைந்துவிடும்.

தகாவோவில் மூன்று கோயில்கள் ஒரே பள்ளத்தாக்கில் இருக்கின்றன: ஜிங்கோஜி, சைம்யோஜி, கோசான்ஜி. 162-ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் ஒரு சின்னக் கணவாய் ஏறி இறங்கினதும் கியோதாகி ஆறு வந்துவிடும். ஜிங்கோஜிக்குச் சைக்கிளில் போக முடியாது. ஆற்றுப் பாலத்தில் வண்டியைப் பூட்டிவிட்டுச் சுமார் நானூறு கல்படிகள் ஏற வேண்டும். இங்கேதான் பெடலில் மாட்டுகிற இரும்புக் கொக்கி உள்ள காலணியோடு வந்தவன் அழுதான். ஈரக் கல்லில் அது பனிச்சறுக்குக் கட்டை மாதிரி. மேலே கோயிலின் பின்புறம் போனால் மண்ணில் சுட்ட சின்னத் தட்டு விற்பார்கள். உள்ளங்கை அகலம்தான், பொரை பிஸ்கட் மாதிரி லேசாக இருக்கும். அதைப் பள்ளத்தாக்கைப் பார்த்து வீசினால் கெட்டது விலகும் என்று நம்பிக்கை. பலம் கொடுத்து எறிந்தால் செங்குத்தாக விழுந்துவிடுகிறது. மணிக்கட்டை மட்டும் சுண்டி, தட்டின் குழிந்த பக்கம் கீழே இருக்க விட்டால் அது காற்றில் ஒரு கணம் நின்று, வளைந்து, சிவப்பு மரங்களுக்கு நடுவே எங்கோ மறையும். சத்தமே கேட்காது. நாலு பேரும் ஆளுக்கு இரண்டு வீசினோம். பலசாலியின் இரண்டுமே பக்கத்துப் புதரில் விழுந்தன. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைத் தோழிதான் ஜெயித்தாள்.

கோசான்ஜி சின்னக் கோயில், ஆனால் முயலும் தவளையும் மல்யுத்தம் செய்யும் அந்தப் புகழ்பெற்ற ஓவியச் சுருள் இந்தக் கோயிலுடையது. மூலத்தை அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள், இங்கே பிரதிதான். ஜப்பானின் மிகப் பழைய தேயிலைத் தோட்டம் என்று ஒரு பாத்தியையும் காட்டுகிறார்கள்.

ஓஹாரா வேறு மாதிரி. ஒரு காலத்தில் ஜப்பான் கடலோரத்திலிருந்து கானாங்கெளுத்தி மீனை உப்புப் போட்டுத் தோளில் சுமந்து கியோட்டோவுக்குக் கொண்டுவந்த பாதையில்தான் நாம் மிதிக்கிறோம். இன்றும் அதன் பெயர் கானாங்கெளுத்திச் சாலைதான். ஆனால் லாரிகள் வரும் சாலை, ஓரம் குறுகல். சன்சென்-இன் கோயிலில் பாசிக்கு நடுவே முகம் மட்டும் எட்டிப் பார்க்கும் குட்டிக் கல்பொம்மைகள், அதன்மேல் விழுந்து கிடக்கும் சிவப்பு இலை. இந்தப் பயணங்களில் என் மனத்தில் நின்ற ஒரே காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், பெரிய மலைகளையெல்லாம் விட்டுவிட்டு. அங்கிருந்து எபுமி கணவாய் வழியாக ஷிசுஹாரா கிராமம், குராமா. குராமா கோயிலில் பிஷாமோன் சாமி, நம் குபேரன்தான். பலசாலி மட்டும் அதற்கு மேல் ஹனாசே கணவாய்க்கு ஏறிப் போய்விட்டு வந்தான். ஏறும்போது எதிர்ச் சரிவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னான்.

இங்கேயும் குறை உண்டு. கியோட்டோ என்றதும் எல்லோரும் நினைக்கும் ஹியேய் மலை, 788-இல் தொடங்கிய என்ர்யாகுஜி கோயில், நமக்கு இல்லை. அங்கே ஏறும் கட்டணச் சாலையில் சைக்கிளுக்குத் தடை. அராஷியாமாவிலிருந்து தகாவோவுக்கு மலைமேல் போகும் கட்டணச் சாலையிலும் தடைதான். வரைபடத்தில் அழகாக வளைந்து வளைந்து போகிறதே என்று கோடு போட்டுவிடாதீர்கள், வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தகாவோவுக்கு வடக்கே போனால் சாலையோரம் முழுக்க கிடாயாமா சீடர் என்னும் ஊசியிலை மரங்கள், பென்சில் சீவி நட்டது போல. அழகுதான், ஆனால் பச்சை. அப்புறம் கூட்டம். நவம்பர் 23-ஐ ஒட்டிய நாட்களில் நகரத்தில் அறை வாடகை தலைசுற்றும். கோயிலுக்குக் கோயில் 500, 1,000 யென் என்று கொடுத்துக்கொண்டே போனால், நாள் முடிவில் ஒருவருக்கு நல்ல சாப்பாட்டுக் காசு போயிருக்கும். மாலையில் நகரத்துக்கு இறங்கும்போது சூரியன் 4.50-க்கெல்லாம் மறைந்துவிடும், அந்த நேரத்துப் போக்குவரத்தில் களைத்த காலோடு ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. கியோட்டோவில் மலை எப்போதும் போய்விட்டுத் திரும்ப வேண்டிய இடம். எங்கே இருந்தாலும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோயாசானில் அந்தக் கடிகாரம் இல்லை. என் ஓட்டு அதற்கு விழுவதற்கு முதல் காரணம் இதுதான்: ஏறி முடிக்கிற இடத்தில்தான் கோயில், அந்தக் கோயிலிலேயேதான் படுக்கை.

ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயிலில் ஹஷிமோட்டோ, ஒரு மணி நேரத்துக்குள். அங்கே சைக்கிளை மறுபடி பொருத்தி, கினோகாவா ஆற்றை ஒட்டிச் சமதளத்தில் மிதித்தால் குதோயாமா. இந்த ஊர்ப் பெயருக்கு ஒன்பது தடவை மலை என்று பொருள். கூகாய் துறவி 816-இல் பேரரசரிடமிருந்து மலையைப் பெற்று மடம் அமைத்தபோது அவருடைய அம்மா பார்க்க வந்தார். பெண்கள் மலையேறக் கூடாது என்ற விதி இருந்ததால் அடிவாரத்தில் ஜிசோன்-இன் கோயிலிலேயே தங்கிவிட்டார். மகன் மாதம் ஒன்பது முறை இறங்கி வந்து அம்மாவைப் பார்த்தாராம். இருபது கிலோமீட்டர் மலைப்பாதை, மாதம் ஒன்பது முறை. அதைக் கேட்ட பிறகு ஒரு முறை ஏறுவதற்கு முனகுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். பெண்களுக்கான அந்தத் தடையை 1872-இல்தான் அரசு நீக்கியது.

குதோயாமாவில் இலையுதிர் காலம் என்றால் காக்கிப் பழம், அதாவது பெர்சிமன். இலை உதிர்ந்த மரத்தில் செம்மஞ்சளாகத் தொங்கும், தோட்டத்துக்குத் தோட்டம். சாலையோரத்தில் ஆளில்லாத கடைகள் இருக்கும். ஒரு தகரக் கூரை, ஒரு பலகை, பிளாஸ்டிக் பையில் கட்டிய பழம், பக்கத்தில் ஓட்டை போட்ட டப்பா. நூறு யென் நாணயத்தைப் போட்டால் உள்ளே தகரத்தில் டொங் என்று விழும். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரம் யென் நோட்டை வைத்துக்கொண்டு அந்த டப்பாவைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

ஏற்றம் சுமார் 700 மீட்டர், இருபது கிலோமீட்டர் தூரத்தில் பரவியிருக்கிறது. நிக்கோவின் உயரமேதான், ஆனால் ஒரே இடத்தில் குவியாமல் நீளமாக. தொடக்கத்தில் ஓடையை ஒட்டிய குறுகலான சாலை, எதிரே கார் வந்தால் ஒதுங்கி நிற்கும் அளவுக்கு. பாதி வழியில் ஹனசாகா என்ற இடத்தில் சுட்ட மோச்சி என்ற அரிசிப் பண்டம் கிடைக்கும், உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம். கைக்குள் அடங்கும், சூடாக இருக்கும்போது விரலில் ஒட்டும். பழைய யாத்ரீகர்களும் இதைத் தின்றுதான் ஏறினார்களாம். அதற்குப் பிறகுதான் உண்மையான ஏற்றம். நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால் இந்த வழியில் சிவப்பு குறைவு. பெரும்பாலும் சீடர், சைப்ரஸ் காடு. நிழலாக, ஈரமாக, பச்சையாக இருக்கும். நிறம் வேண்டும் என்று வருகிறவர் முதல் இரண்டு மணி நேரம் ஏமாந்துதான் போவார். இந்த ஒன்றில் நிக்கோவோடு போட்டியே கிடையாது.

கடைசி வளைவில் காடு விலகும். 25 மீட்டர் உயரத்துக்கு தாய்மோன் வாசல், சிவப்புப் பூச்சோடு, திடீரென்று தலைக்கு மேலே நிற்கும். அதற்கு முன்னால் எந்த அறிகுறியும் கிடையாது. அதைத் தாண்டினால் மலை உச்சியில், சுமார் 800 மீட்டரில், ஒரு முழு ஊர்: பள்ளிக்கூடம், தபால் நிலையம், 117 கோயில்கள். மேப்பிள் மரங்கள் எல்லாம் இங்கே காத்திருக்கின்றன. முக்கியமாக மையக் கோயில்கள் உள்ள கரான் வளாகத்துக்குப் போகும் ஜபாராமிச்சி நடைபாதையில். பாம்பின் வயிறு என்று அதற்குப் பெயர். நவம்பர் முதல் வாரத்தில் அங்கே தலைக்கு மேலேயும் சிவப்பு, காலுக்குக் கீழேயும் சிவப்பு. அதற்குள் மணி இரண்டு ஆனாலும் மூன்று ஆனாலும் அவசரமில்லை. முதலில் வந்தவன் குளித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பான், கடைசியில் வருகிறவள் தன் வேகத்தில் வருவாள். யாரும் யாருக்காகவும் குளிரில் நடுங்கிக்கொண்டு வளைவில் நிற்க வேண்டியதில்லை. நாலு பேர் நட்பாகத் திரும்பி வர இது எவ்வளவு முக்கியம் என்று மற்ற இரண்டு ஊர்களுக்கும் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் தங்க இடம் கொடுக்கின்றன. மலிவில்லை. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஒருவருக்கு 10,000 யென்னுக்குக் கீழே எதிர்பார்க்க வேண்டாம், 15,000 என்று வைத்துக்கொண்டால் பதற்றமில்லை. சாப்பாடு மடத்துச் சைவம்: மீன் கிடையாது, முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. எள்ளில் செய்த தோஃபு, உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு, காய் தெம்புரா. நிக்கோவில் சோபாவின் சாற்றில் மீன் வாடை என்று வெறும் சோற்றைத் தின்றவன், இங்கே மூன்று கிண்ணம் சாதம் வாங்கினான். ஆனால் இரவுச் சாப்பாடு ஐந்தரை, ஆறு மணிக்கு. அதற்குள் வந்துவிட வேண்டும், தாமதித்தால் மரியாதையாக இருக்காது. அறையில் மெத்தைக்குக் கீழே பாய், கதவு காகிதம். நவம்பர் விடியலில் வெளியே பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும்.

காலை ஆறு, ஆறரைக்குப் பூஜை. சில கோயில்களில் அதோடு தீ வளர்ப்பார்கள், அதற்கு கோமா என்று பெயர். நம் ஹோமம்தான், சொல்லே அங்கிருந்து போனது. நெய்க்குப் பதில் எண்ணெய், சமித்துக்குப் பதில் எழுதிய மரக்குச்சிகள். கூரை இருட்டில் நெருப்பு எழும்போது எதிரே உட்கார்ந்திருந்த சைவன் என்னைப் பார்த்தான், இருவருக்கும் ஒரே நினைப்பு. அப்புறம் ஒக்குனோ-இன். இரண்டு கிலோமீட்டர் நடைபாதை, பெரிய சீடர் மரங்கள், இரண்டு லட்சத்துக்கு மேல் கல்லறைகள், நடுவில் கரையான்களுக்குப் பூச்சிமருந்துக்காரர்கள் வைத்த நினைவுக்கல்கூட உண்டு. முடிவில் கூகாயின் சமாதி. 835-இல் அவர் இறக்கவில்லை, தியானத்தில் இருக்கிறார் என்று நம்பிக்கை. இன்றும் தினம் இரண்டு வேளை உணவு கொண்டு போகிறார்கள். ஜீவசமாதி என்று சொன்னால் நமக்கு விளக்கமே வேண்டாம். நடைபாதைக்குக் கட்டணமும் இல்லை, சாத்தும் கதவும் இல்லை. தோஷோகூவில் வாங்கிய அடிக்கு அது மருந்து. சைக்கிளை முதல் பாலத்திலேயே விட்டுவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஏற முடியாதவருக்கு கேபிள் கார் இருக்கிறது, சைக்கிளைப் பையில் கட்டிக்கொண்டு ஏறலாம். ஆனால் மேலே இறங்கிச் சைக்கிளைப் பொருத்தி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். நிலையத்திலிருந்து ஊர் வாசல்வரை உள்ள சாலை பேருந்துக்கு மட்டும், நடக்கவும் கூடாது. பையோடு பேருந்தில்தான் போக வேண்டும். அடுத்தது இறக்கம். ஏறும்போது போட்ட அதே உடுப்போடு காலை எட்டு மணிக்கு 700 மீட்டர் இறங்கினால் விரல் பிரேக்கைப் பிடிக்காது. முழுக் கையுறை, காற்றுத் தடுக்கும் மேற்சட்டை. அது இல்லையென்றால் சட்டைக்குள் நெஞ்சில் ஒரு செய்தித்தாள், பழைய வித்தை, இன்றும் வேலை செய்கிறது.

மூன்று ஊருக்கும் பொதுவான சட்டங்களில் நண்பர்கள் கூட்டம் மறப்பது ஒன்றுதான்: இங்கே பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசக் கூடாது, வரிசையாகத்தான். 2024 நவம்பரிலிருந்து ஓட்டும்போது போனைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம். வழி பார்க்க வேண்டுமானால் நிறுத்திப் பாருங்கள். கரடிக்காகப் பையில் ஒரு மணி கட்டிக்கொள்ளுங்கள், நிக்கோவில் அது விளையாட்டில்லை. காலுறையில் ஓட்டை இருக்கக் கூடாது, கோயிலுக்குக் கோயில் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆக, டோக்கியோவில் இருந்து, வார நாளில் இரண்டு நாள் கிடைத்து, கூட வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கால் என்றால் நிக்கோவுக்குப் போங்கள், நான் தடுக்க மாட்டேன். முதல் முறை மலையேறுகிறவர்கள், ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்கள், குழந்தையைப் பின்னால் உட்காரவைத்து மின்சார சைக்கிளில் வருகிறவர்கள் கியோட்டோ. அதிலும் தகாவோ, அதிலும் நவம்பர் 23-க்கு முந்தைய வாரத்துச் செவ்வாய் புதன். எங்களைப் போல ஏறுமாறான கூட்டத்துக்கு நவம்பர் 3-ஐ ஒட்டி கோயாசான்தான். வழியில் பச்சையே பார்த்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

இந்த ஆண்டுக்கு அறை போட்டாகிவிட்டது. ஒருவன் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறான், ஏற்றம் போதாதாம். கோயாசானிலிருந்து தெற்கே ஒரு மலைச்சாலை போகிறது, 1,280 மீட்டர் வரை ஏறும், முன்பு சுங்கம் வாங்கினார்கள், 2003-லிருந்து இலவசம். அது தொடும் மலையின் பெயர் கோமாதான்சான், ஹோம மேடை மலை. ஒரு வழிக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். "பூஜை முடிந்ததும் நீ மட்டும் போய்விட்டு வாடா" என்று சொல்லியாயிற்று. நாங்கள் மெதுவாக இறங்கி, குதோயாமாவில் அந்தத் தகரக் கூரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பழத்தில் அவனுக்கும் இரண்டு எடுத்து வைக்கலாம் என்று தோழி சொல்கிறாள். பார்க்கலாம்.